சினாப்சிஸ் எழுத உக்காரப் போறீங்களா? முன்னுரையும் முன்னாய்வுப் பகுதியும் எழுதுற விதம்

எங்க ஊரு கொழிஞ்சாம்பாறை பக்கம், கேரளாவுல பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்கா, தமிழ்நாட்டு எல்லையோரம். வீட்டுல தமிழ், பஞ்சாயத்து ஆபீஸ்ல மலையாளம், காலேஜ்ல இங்கிலீஷ்னு மூணு மொழிக்கு நடுவுல வளர்ந்த பிள்ளைங்க இங்க நிறைய. பிஎச்டி சேரணும்னு ஆசப்படுற தம்பி தங்கச்சிங்க வருஷத்துக்கு நாலஞ்சு பேராவது சினாப்சிஸ, அதாவது பிஎச்டி பதிவுக்குக் குடுக்கிற ஆய்வுத் திட்டத்த, எடுத்துட்டு வீட்டுக்கு வருவாங்க, அண்ணா கொஞ்சம் பாத்துக் குடுங்கனு. தலைப்பு நல்லாருக்கும், உழைப்பும் தெரியும், ஆனா முன்னுரையிலயும், முன்னாடி நடந்த ஆய்வுங்களப் பேசுற முன்னாய்வுப் பகுதியிலயும் எல்லாரும் ஒரே எடத்துலதான் வழுக்குறாங்க. அதனால ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றத இங்க மொத்தமா எழுதி வச்சுர்றேன்.

முதல்ல எனக்கு நடந்தத சொல்லிர்றேன், ஏன்னா இந்தக் கட்டுரையே அதுல இருந்துதான் வருது. நான் முதல் தடவ குடுத்த சினாப்சிஸ்ல, "இப்பகுதியின் பாசனம் குறித்து இதுவரை எவ்வித ஆய்வும் மேற்கொள்ளப்படவில்லை"னு எழுதியிருந்தேன். கமிட்டியில இருந்த டீச்சர் ஒருத்தங்க படிச்சு முடிச்சுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, "மலையாளத்துல தேடினீங்களா?"னு. நான் தேடல. தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் தேடிட்டு, கிடைக்கல, அதனால இல்லனு முடிவு பண்ணிட்டேன். அப்புறம் ஒரு டிபார்ட்மெண்ட் அலமாரியில, எங்க வீட்டுக்குப் பின்னாடி ஓடுற அதே வாய்க்கா பத்தி மலையாளத்துல எழுதுன எம்ஃபில் ஏடு ஒண்ணு இருந்துச்சு. ஆறு மாசம் போச்சு, தலைப்பயே திருப்பி யோசிக்க வேண்டியதாச்சு. எல்லையில ஒக்காந்து ஆய்வு பண்றவங்களுக்கு "யாரும் செய்யல"ங்கிற வார்த்த ரொம்ப கனமானது, ரெண்டு பக்கமும் போய்ப் பாத்துட்டு வந்தவங்களுக்குத்தான் அத எழுத உரிமை உண்டு.

மொதல்ல பேரு தெரிஞ்சுக்கங்க

சினாப்சிஸ், ஆய்வு முன்மொழிவு, ரிசர்ச் ப்ரொபோசல் எல்லாமே கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதுல வர்ற "லிட்டரேச்சர் ரிவியூ"வ சமூக அறிவியல்காரங்க இலக்கிய மீளாய்வும்பாங்க, தமிழ்த் துறையில ஆய்வு முன்னோடிகள் இல்லனா முன்னாய்வுகள்னு எழுதுவாங்க. இலக்கியம்ங்கிற வார்த்தையப் பாத்துட்டு ஒரு பொண்ணு தண்ணி பத்தின சங்கப்பாட்டெல்லாம் தேடி எடுத்து நாலு பக்கம் எழுதிட்டு வந்துச்சு, பாவம் அவ்வளவும் கிழிக்க வேண்டியதாப் போச்சு. இங்க இலக்கியம்னா உங்க கேள்விய உங்களுக்கு முன்னாடி தொட்டவங்க எழுதுன ஆய்வு, அறிக்கை, கட்டுரை. நான் முன்னாய்வுனே சொல்றேன், குழப்பம் வராது.

அடுத்தது, எழுதத் தொடங்குறதுக்கு முன்னாடி நல்ல சினாப்சிஸ் ரெண்டு மூணு கண்ணால பாத்துருங்க. காந்திநகர்ல இருக்கிற இன்ஃப்ளிப்நெட் நடத்துற ஷோத்கங்கா வெப்சைட்ட எல்லாருக்கும் தெரியும், முடிஞ்ச பிஎச்டி ஏடுங்க அதுல கிடைக்கும். அதே ஆளுங்க ஷோத்கங்கோத்ரினு இன்னொண்ணு வச்சிருக்காங்க, அது நிறைய பேருக்குத் தெரியல. பதிவு பண்ணி அங்கீகாரம் வாங்குன சினாப்சிஸ்களே அதுல இருக்கும். உங்க பாடத்துல மூணு எடுத்துப் படிங்க, எத்தன பக்கம் முன்னுரை, எத்தன பக்கம் முன்னாய்வுனு ஒரு கண்ணளவு கெடைக்கும். உங்க யுனிவர்சிட்டி படிவத்துல பக்கக் கணக்கு போட்டிருந்தா அதுதான் சட்டம், நான் சொல்றதெல்லாம் அதுக்குப் பின்னாடி.

தலைப்ப கேள்வியா மாத்துங்க

"சித்தூர் வட்டார விவசாயிகளின் பிரச்சினைகள்"னு ஒரு தலைப்போட வருவாங்க. இது தலைப்பு, இன்னும் கேள்வி ஆகல. கேள்வி இல்லாம முன்னாய்வு தேடப் போனா கடல்ல எறங்குன மாதிரி, எத எடுக்கிறது எத விடுறதுனே தெரியாது. நான் இங்க கடைசி வரைக்கும் ஒரே உதாரணத்த வச்சுக்கிறேன். தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் இடையில பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29-ல கையெழுத்தாச்சு, அதன்படி தமிழ்நாடு வருஷத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணிய எல்லையோரத்து மணக்கடவுல வச்சு எங்க சித்தூர் பாசனத்துக்குத் தரணும். ஒரு டிஎம்சினா 100 கோடி கன அடி. இதுல நம்ம கேள்வி என்னனா, மணக்கடவுல அளந்து விட்ட தண்ணி கடைமடைத் தென்னந்தோப்பு வரைக்கும் எப்படிப் பங்காகுது, அதுக்கு யாரு என்ன விதி வச்சிருக்காங்க? இப்படி ஒரே வரியில கேட்டுட்டீங்கன்னா தேட வேண்டிய வார்த்தைங்க தன்னால வந்துரும்: ஒப்பந்தம், கால்வாய், கடைமடை, பங்கீடு, விதி.

அந்த வரிய ஒரு பேப்பர்ல பெருசா எழுதி மேசைக்கு மேல ஒட்டிருங்க. படிக்கிற ஒவ்வொண்ணுக்கும் அதப் பாத்து, இது நம்ம கேள்விக்கு என்ன சொல்லுதுனு கேக்கணும், ஒண்ணும் சொல்லலனா எவ்வளவு நல்ல கட்டுரையா இருந்தாலும் தள்ளி வைங்க.

தேடுறதுதான் பெரிய வேல

இந்தப் பகுதிய நிதானமா படிங்க, இங்கதான் எல்லையோரப் பிள்ளைங்க அடி வாங்குறது.

ஊர்ப் பேர்ல இருந்தே சிக்கல் ஆரம்பிச்சுரும். எங்க சித்தூருக்கு இங்கிலீஷ்ல கடைசியில யு போட்டு ஒரு ஸ்பெல்லிங், ரெண்டு ஓ போட்டு இன்னொரு ஸ்பெல்லிங். ரெண்டு ஓ போட்டுத் தேடினா ஆந்திராவோட சித்தூர் மாவட்டம்தான் பொலபொலன்னு கொட்டும். தமிழ்ல எழுதுனா ரெண்டு ஊருமே சித்தூர்தான். மலையாளத்துல இந்த ஊர எழுதுற எழுத்த அப்படியே தமிழுக்குக் கொண்டு வந்தா சிற்றூர்னு வரும், அதனால சில தமிழ்க் கட்டுரையில சிற்றூர்னே இருக்கும். ஆத்துக்கும் அப்படித்தான், சித்தூர்ப்புழைனு ஒருத்தர் எழுதுவார், கண்ணாடிப்புழைனு இன்னொருத்தர் எழுதுவார், அது போய்ச் சேர்ற பாரதப்புழைக்கு நிளானும் பேரு, பொன்னானிப்புழைனும் பேரு. பாலக்காட்டுக்கு பழைய இங்கிலீஷ்ல பால்காட். ஆகவே தேடுறதுக்கு முன்னாடி ஒரு பேர்ப்பட்டியல் போடுங்க, உங்க ஊரு, ஆறு, வாய்க்கா, பயிர், ஜாதி, எதுவா இருந்தாலும் அதுக்கு எத்தன பேரு, எத்தன ஸ்பெல்லிங், மூணு மொழியிலயும். இதுக்கு ஒரு நாள் போகும், போகட்டும், அந்த ஒரு நாள் பின்னால ஒரு மாசத்த மிச்சப்படுத்தும்.

கூகுள் ஸ்காலர்ல தேடும்போது ரெண்டு வார்த்தை சேந்தே வரணும்னா மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. வேண்டாத ஊரு வருதுனா அந்த வார்த்தைக்கு முன்னாடி மைனஸ் போடுங்க, ஆந்திராவுக்கு ஒரு மைனஸ் போட்டாலே பாதி கூட்டம் கொறஞ்சுரும். நல்ல கட்டுரை ஒண்ணு கிடைச்சா அதோட விட்றாதீங்க, அதுக்குக் கீழ "சைட்டட் பை"னு ஒரு எண் இருக்கும், அத அமுக்குனா அந்தக் கட்டுரைய மேற்கோள் காட்டி பின்னாடி வந்த கட்டுரைங்கெல்லாம் வரும், அங்கயே ஒரு சின்னக் கட்டத்துல டிக் பண்ணி அந்தக் கூட்டத்துக்குள்ள மட்டும் மறுபடி தேடலாம். முன்னாடி போறதுக்கு அது, பின்னாடி போறதுக்கு அந்தக் கட்டுரையோட கடைசிப் பக்கத் துணைநூல் பட்டியல். இப்படி முன்னும் பின்னும் போய்ட்டே இருந்தா ஒரு கட்டத்துல பாத்த பேருங்களே திரும்பத் திரும்ப வரும், அப்ப போதும்னு அர்த்தம்.

ஆனா இணையத்துல இல்லாதது நிறைய இருக்கு. எம்ஃபில் படிப்ப யூஜிசி 2022 விதிகள்ல நிறுத்திட்டாங்க, ஆனா அதுக்கு முன்னாடி எழுதுன ஏடுங்க டிபார்ட்மெண்ட் அலமாரியிலயும் காலேஜ் லைப்ரரியிலயும் அப்படியே கெடக்குது, நெறைய இன்னும் ஸ்கேன் ஆகல. நேர்ல போய்த்தான் பாக்கணும். போகும்போது ரெண்டு பக்கமும் போங்க, கோயம்புத்தூர், பொள்ளாச்சி காலேஜும் பாக்கணும், பாலக்காடு, திருச்சூர், கோழிக்கோடும் பாக்கணும். பஸ்ஸு காசு கொஞ்சம் ஆகும்தான், ஆனா வாளையாறு தாண்டிப் போறதும் கோவிந்தாபுரம் தாண்டி வர்றதும் நமக்குப் புதுசா என்ன?

கேரளாப் பக்கம் தேடுறவங்க மறக்கக் கூடாத ஒண்ணு பஞ்சாயத்துகளோட வளர்ச்சி அறிக்கை, மலையாளத்துல விகசன ரேகம்பாங்க. 1996 ஆகஸ்ட் 17-ல தொடங்குன மக்கள் திட்ட இயக்கத்தப்ப ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன்னோட நெலம், தண்ணி, பயிர், பள்ளிக்கூடம்னு எல்லாத்தையும் ஊர்க்காரங்கள வச்சே எழுதுனாங்க. நம்ம ஊரப் பத்தி அந்த அளவுக்கு உள்ள போய் எழுதுனது வேற எதுலயும் ஈசியா கிடைக்காது. பஞ்சாயத்து ஆபீஸ்ல கேளுங்க, இல்லனா ஊரு வாசகசாலையில கேளுங்க. தென்னை, நெல்லு கணக்குக்கு கிருஷிபவன், அதாவது ஊரு வேளாண் ஆபீஸ், இருக்கு.

பழைய காலத்துக்குப் போறவங்களுக்கு எல்லையே மாறியிருக்குங்கிறது ஞாபகம் இருக்கணும். பாலக்காடு தாலுக்கா பழைய மதராஸ் மாகாணத்து மலபார் மாவட்டத்துல இருந்துச்சு, பக்கத்துல இருக்கிற சித்தூர் தாலுக்காவோ கொச்சி ராஜ்ஜியத்துல. அதனால 1949-க்கு முந்தின சித்தூர் கணக்க மலபார் அறிக்கையில தேடினா கிடைக்காது, கொச்சி அறிக்கையிலதான் இருக்கும். செங்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைங்க 1956 நவம்பர் 1-க்கு முந்தினத திருவிதாங்கூர் பக்கம் தேடணும், திருத்தணிக்காரங்க 1960 ஏப்ரல் 1-க்கு முந்தினத ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துக் கணக்குல பாக்கணும். இது தெரியாம "பழைய தரவுகள் கிடைக்கவில்லை"னு எழுதுன சினாப்சிஸ் எத்தனையோ பாத்துட்டேன். தரவு இருக்கு, வேற வீட்டு அலமாரியில இருக்கு, அவ்வளவுதான்.

மலையாளம் பேச வரும், படிக்க வராதுனு சொல்றவங்க நம்மள்ல பாதிப்பேர். அதுக்காக விட்றக் கூடாது. எழுத்து கத்துக்க ஒரு மாசம் போதும், அதுவரைக்கும் பொருளடக்கத்தையும் முடிவுரையையும் தெரிஞ்சவங்கள விட்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. போன்ல படம் எடுத்து மொழிபெயர்க்கிற வசதி இருக்கு, என்ன பத்தி எழுதியிருக்காங்கனு புரிஞ்சுக்க அது ஆகும். ஆனா அத நம்பி சினாப்சிஸ்ல ஒரு கருத்த எழுதிறாதீங்க, எழுதணும்னா அந்தப் பக்கத்த மொழி தெரிஞ்ச ஒருத்தர் கண்ணால பாத்துச் சொல்லணும்.

அப்புறம் ஒரு தேடல் டைரி. தேதி, எங்க தேடினேன், என்ன வார்த்தை போட்டேன், எத்தன வந்துச்சு, எத எடுத்தேன். ஒரு நோட்டுல அஞ்சு கோடு போட்டா முடிஞ்சது. கமிட்டியில யாராவது தேடினீங்களானு கேட்டா அந்த நோட்ட விரிச்சுக் காட்டலாம். எனக்கு அன்னைக்கு அது இருந்திருந்தா, என்ன தேடலனு எனக்கே முன்னாடி தெரிஞ்சிருக்கும்.

படிக்கிறதும் குறிச்சு வைக்கிறதும்

கிடைச்ச எல்லாத்தையும் முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் படிக்க யாராலயும் முடியாது. சுருக்கத்தையும் முடிவுரையையும் மொதல்ல படிங்க, மேசைக்கு மேல ஒட்டுன கேள்விக்கு ஒத்து வந்தா மட்டும் உள்ள போங்க. அப்படி உள்ள போய் முழுசா படிச்சது சினாப்சிஸுக்கு முப்பது இருந்தா எனக்குப் போதும்னு தோணுது, எழுபது பேர மேலோட்டமா அடுக்குறத விட முப்பது பேர ஆழமா சொல்றது எவ்வளவோ மேல்.

எக்செல்ல ஒரு அட்டவணை போடுங்க. ஒரு வரிசைக்கு ஒரு கட்டுரை. கட்டங்கள்: யாரு எந்த வருஷம், எந்த ஊரு, என்ன கேட்டாங்க, எப்படிச் செஞ்சாங்க, என்ன கண்டாங்க, என்னத்தத் தொடல, என் கேள்விக்கு இதுல என்ன இருக்கு. கடைசிக் கட்டத்த உங்க சொந்த வார்த்தையில எழுதுங்க, காப்பி பண்ணி ஒட்டாதீங்க. முப்பது வரிசை நெரம்புனதும் மேல இருந்து கீழ, ஒரே கட்டத்த மட்டும் வாசிச்சுப் பாருங்க, யாரு யாரோட ஒத்துப் போறாங்க, யாரு சண்ட போடுறாங்க, எந்த எடத்துல எல்லாரும் அமைதியா இருக்காங்கனு அப்பத்தான் தெரியும். முன்னாய்வுப் பகுதியோட எலும்புக்கூடே அதுதான்.

ரெஃபரன்ஸ் சேத்து வைக்க சோட்டெரோங்கிற சாஃப்ட்வேர் இலவசம், அத முதல் நாளே போட்டுக்கங்க. ஒரு எச்சரிக்கை, நம்ம பேருங்க அதுல ஒழுங்கா ஒக்காராது. தமிழ்நாட்டுக்காரர் இனிஷியல முன்னாடி போடுவார், கேரளாக்காரர் பின்னாடி போடுவார், சாஃப்ட்வேர் இனிஷியலயே குடும்பப் பேருனு நெனச்சுக்கும், ஒரே ஆளு பட்டியல்ல ரெண்டு எடத்துல வந்து நிப்பார். சேக்கும்போதே கையால சரி பண்ணிருங்க.

முன்னாய்வுப் பகுதிய எழுதுறது

பெரும்பாலும் எப்படி எழுதிட்டு வர்றாங்கனா, ஒரு பத்திக்கு ஒரு ஆளு. ராபர்ட் வேட் 1988-ல் இவ்வாறு கூறுகிறார். எலினர் ஒஸ்ட்ரம் 1990-ல் இவ்வாறு கூறுகிறார். டேவிட் மோஸ் 2003-ல் இவ்வாறு கூறுகிறார். ரேஷன் கடை வரிசை மாதிரி ஒருத்தர் பின்னாடி ஒருத்தர், யாரும் யாரையும் திரும்பிப் பாக்கல. நீங்க எழுத வேண்டியது அவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிற பேச்ச. இதே மூணு பேர வச்சு எழுதிக் காட்றேன், சினாப்சிஸ் நடையிலயே:

"பொதுவளத்தைப் பயன்படுத்துவோர் தாமே விதிகளை வகுத்து அதைக் காத்துக்கொள்ள முடியும் என்று ஒஸ்ட்ரம் (1990) நிறுவுகிறார். ஆனால் எல்லா ஊர்களிலும் அத்தகைய ஏற்பாடு தோன்றுவதில்லை. ஆந்திரத்தின் கர்னூல் பகுதியில் கால்வாய்ப் பாசனக் கிராமங்களை ஆராய்ந்த வேட் (1988), தண்ணீர் நிச்சயமில்லாத, கால்வாயின் கீழ்ப்பகுதியில் உள்ள ஊர்களிலேயே அது வலுவாக உருவாவதைக் காட்டுகிறார். அவ்விதிகள் யாருடைய அதிகாரத்தின் மேல் நிற்கின்றன என்ற கேள்வியை, தென் தமிழகத்தின் கண்மாய்களைக் கொண்டு மோஸ் (2003) எழுப்புகிறார்."

ஒஸ்ட்ரம் இந்த வேலைக்காகத்தான் 2009-ல பொருளாதார நோபல் வாங்குனாங்க, பாசனம் பத்தி எழுதுறவங்க அவங்கள தாண்டிப் போக முடியாது. இப்ப அந்தப் பத்தியப் பாருங்க, 1990 முன்னாடி வருது, 1988 பின்னாடி வருது. வருஷ வரிசைய ஒடச்சுட்டேன், ஏன்னா இங்க வரிசை கருத்தோடது. முடியும்னு ஒருத்தர், எங்க முடியும்னு ஒருத்தர், யாரு தயவுல முடியுதுனு ஒருத்தர். வாசிக்கிறவங்களுக்கு அடுத்த கேள்வி தானா மனசுல வரும்: தண்ணிய அளந்து விடுறது ஒரு மாநிலம், வாங்கிப் பிரிக்கிறது இன்னொரு மாநிலம்னா அந்த விதி எப்படி இருக்கும்? உங்க ஆய்வுக்கு எடம் அங்கதான் தொறக்குது.

இதுல இன்னொண்ணு கவனிங்க, "கூறுகிறார்" ஒரு தடவ கூட வரல. தமிழ்ல வினைச்சொல்லுக்கா பஞ்சம்? நிறுவுகிறார்னா ஆதாரம் வச்சுக் காட்டியிருக்கார், கருதுகிறார்னா அவரோட அபிப்பிராயம், சுட்டுகிறார்னா போற போக்குல தொட்டிருக்கார், மறுக்கிறார், ஐயுறுகிறார், விரிக்கிறார், ஒவ்வொண்ணுக்கும் ஒரு எடை இருக்கு. சரியான வினைய போட்டாலே நீங்க அந்தக் கட்டுரைய உண்மையிலயே படிச்சிருக்கீங்கனு கமிட்டிக்குத் தெரிஞ்சுரும்.

பகுதிங்கள எப்படிப் பிரிக்கிறதுனு கேப்பாங்க. தமிழ் நூல்கள், மலையாள நூல்கள், ஆங்கில நூல்கள்னு மொழிவாரியாப் பிரிக்காதீங்க, எல்லையில ஆய்வு பண்றவங்களுக்கு அது ரொம்பத் தப்பு, ஒரே விஷயத்தப் பேசுறவங்கள தனித்தனி ரூம்ல போட்டு அடைச்ச மாதிரி. பொருள்வாரியாப் பிரிங்க: ஒப்பந்தமும் மாநிலங்களும் பத்திப் பேசுனவங்க, கால்வாய்ப் பங்கீடு பத்திப் பேசுனவங்க, இந்த வட்டார விவசாயம் பத்திப் பேசுனவங்க. ஒவ்வொண்ணுக்குள்ளயும் மூணு மொழியும் கலந்து வரட்டும். ஒவ்வொரு பகுதி முடியும்போதும் ரெண்டு வரி உங்க குரல்ல இருக்கணும், இதுவரைக்கும் என்ன தெரிஞ்சுச்சு, எது மிச்சம் இருக்குனு.

மிச்சம் இருக்கிறதச் சொல்ற அந்த வரி, ஆய்வு இடைவெளிம்பாங்களே, அத ரொம்பப் பாத்து எழுதுங்க. "யாரும் ஆய்வு செய்யவில்லை"ங்கிற வரிய எடுத்துட்டு இப்படி எழுதிப் பாருங்க: "தமிழ், மலையாளம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் தேடியதில், ஒப்பந்தத்தின் அளவையும் மாநிலங்களுக்கு இடையிலான பிணக்கையும் பேசும் ஆய்வுகள் கிடைத்தன, எல்லையைத் தாண்டிய பின் கடைமடை வரை நடக்கும் பங்கீட்டை மையமாகக் கொண்ட ஆய்வு கிடைக்கவில்லை." இத ஒரு மாதிரியாத்தான் குடுக்கிறேன், நீங்க தேடிப் பாத்து உண்மையா இருந்தா மட்டும் எழுதணும். எங்க தேடினீங்க, என்ன இருக்கு, என்ன இல்லனு மூணும் அந்த வரிக்குள்ள வருது பாருங்க. நாளைக்கே ஒருத்தர் ஒரு ஏட்டக் கொண்டு வந்து காட்டுனாலும் உங்க சொல்லு பொய்யாகாது. இன்னொண்ணு, யாரும் செய்யலைங்கிறது மட்டுமே ஒரு ஆய்வுக்குக் காரணம் ஆகாது, தெரிஞ்சா யாருக்கு என்ன பிரயோஜனம்னும் சொல்லணும். அது முன்னுரைக்கு.

முன்னுரைய கடைசியா எழுதுங்க

முன்னாடி நிக்கிறதுனால முன்னுரைய முதல்ல எழுதி அதுலயே ரெண்டு மாசம் மாட்டிக்கிட்டவங்க இருக்காங்க. முன்னாய்வு முடிஞ்சப்புறம் எழுதுனா நாலு நாள் வேலை.

ஜான் ஸ்வேல்ஸ்னு ஒரு மொழியியலாளர் ஆய்வுக் கட்டுரைகளோட முன்னுரைங்கள எடுத்துப் பாத்து, அதுல மூணு நகர்வு இருக்குனு 1990-ல எழுதுனார். மொதல்ல களத்தக் காட்டுறது, அப்புறம் அந்தக் களத்துல காலியா இருக்கிற எடத்தக் காட்டுறது, அப்புறம் அந்த எடத்துல நீங்க போய் ஒக்கார்றது. பாடம் எதுவா இருந்தாலும் இது ஒத்து வரும், நான் பாத்த வரைக்கும் நல்ல முன்னுரை எல்லாத்துலயும் இந்த மூணும் இருக்கு.

களத்தக் காட்டுறதுலதான் ரொம்பப் பேர் உலகத்தோட தோற்றத்துல இருந்து தொடங்குறாங்க. தண்ணி பத்தின சினாப்சிஸ்னா ஒரு குறள், படிப்பு பத்தினா ஒரு குறள், அப்புறம் மனித நாகரிகம் ஆற்றங்கரையில் தோன்றியது. அதப் படிக்கிற பேராசிரியர் அன்னைக்கு அதே மாதிரி பத்துப் படிச்சிருப்பார். உங்க ஊரு விஷயத்துலயே தொடங்குங்க:

"பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் 7.25 டிஎம்சி தண்ணீர் மணக்கடவில் கேரளத்தின் சித்தூர்ப் பாசனத்திற்கு வழங்கப்பட வேண்டும். இந்த அளவைப் பற்றியே இரு மாநிலங்களும் பேசுகின்றன. அளந்து விட்ட தண்ணீர் அதன்பின் கடைமடைத் தோப்பை எவ்வாறு அடைகிறது என்பது வேறொரு கேள்வி."

மூணே வாக்கியம். ஊரு தெரிஞ்சுது, அளவு தெரிஞ்சுது, கேள்வியும் எட்டிப் பாத்துருச்சு. இதுக்கப்புறம் ஏன் இந்த ஊருனு சொல்லணும், நான் பொறந்த ஊருங்கிறது காரணம் ஆகாது. கேரளாவுல கரிசல் மண்ணு இருக்கிறது எங்க சித்தூர் பக்கம்தான், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மழை மறைவுல கிழக்க இருக்கிற பஞ்சாயத்துங்க கேரளாவோட மத்த எடம் மாதிரி மழை பாக்குறதில்ல, அதனால வாய்க்காத் தண்ணிய அவ்வளவு நம்பி இருக்கிற எடம் இது, இந்த மாதிரி நெலத்தோட காரணம் இருக்கணும். உங்க ஊருக்கும் அப்படி ஒண்ணு கண்டிப்பா இருக்கும், வயசானவங்ககிட்ட ஒக்காந்து பேசுனா வந்துரும்.

அப்புறம் முன்னாய்வோட சாரம் ஒரு பத்தி, இடைவெளி ரெண்டு வரி, ஆய்வு வினா, நோக்கம் மூணு இல்லனா நாலு. நோக்கத்துல "விழிப்புணர்வு ஏற்படுத்துதல்" "தீர்வு காணுதல்" எல்லாம் வேண்டாம், மூணு வருஷத்துல உங்களால செஞ்சு காட்ட முடியுறத மட்டும் எழுதுங்க: கண்டறிதல், ஒப்பிடுதல், விளக்குதல். ஆய்வு எல்லைனு ஒரு தலைப்பு வரும், அதுல எத எடுக்கல, ஏன் எடுக்கலனும் எழுதுங்க. தமிழ்நாட்டுப் பக்கத்து ஆயக்கட்ட நீங்க சேக்கலனா அதுக்கு ஒரு காரணம் சொல்லியாகணும், எல்லையில ஆய்வு பண்றவங்கள கமிட்டி கண்டிப்பா இதக் கேப்பாங்க. பயன் யாருக்குனு எழுதும்போது சமுதாயத்துக்குனு பொதுவா எழுதாம, தண்ணி திறந்து விடுற தேதிய முடிவு பண்றவங்களுக்கா, கடைமடை விவசாயிக்கா, ஒப்பந்தத்த மறுபடி பேச ஒக்கார்றவங்களுக்கானு ஆளக் காட்டுங்க.

குடுக்கிறதுக்கு முன்னாடி

யூஜிசி 2018-ல கொண்டு வந்த விதிப்படி, அடுத்தவங்க எழுத்தோட ஒப்புமை 10 சதவீதத்துக்குள்ள இருந்தா தண்டனை இல்ல, அதுக்கு மேல போகப் போக படிப்படியா நடவடிக்கை கூடும். ஆனா சாஃப்ட்வேருக்குத் தெரியாத திருட்டு ஒண்ணு இருக்கு, மலையாளத்துல இருக்கிறத தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ மாத்தி எழுதி பேரப் போடாம விடுறது. மெஷின் புடிக்காது, ஆனா அது அந்த ஆய்வாளரோட வருஷக்கணக்கான உழைப்பு, நம்ம ஊருக்காக அவங்க பாடுபட்டது. பேரப் போடுங்க, பக்க எண்ணோட போடுங்க.

ஏஐ கிட்ட ரெஃபரன்ஸ் கேட்டு வாங்குறவங்க இப்ப நெறைய. அது இல்லாத கட்டுரைய இருக்குற மாதிரியே, ஆசிரியர் பேரு, வருஷம், இதழ் பேரோட எழுதிக் குடுத்துரும். ஒருத்தர் சினாப்சிஸ்ல அப்படி அஞ்சு கட்டுரை இருந்துச்சு, தேடித் தேடிப் பாத்தும் அஞ்சும் இல்ல. உங்க கையில முழுசா இல்லாத எதையும், நீங்க தொறந்து படிக்காத எதையும் பட்டியல்ல சேக்காதீங்க.

கடைசியா ரெண்டு பேப்பர் பக்கத்துல பக்கத்துல வச்சுக்கங்க, ஒண்ணு உள்ள எழுதுனது, ஒண்ணு துணைநூல் பட்டியல். உள்ள வர்ற ஒவ்வொரு பேருக்கும் பட்டியல்ல ஒரு டிக், பட்டியல்ல இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் உள்ள ஒரு டிக். டிக் விழாததெல்லாம் ஒண்ணு எழுத மறந்தது, இல்லனா படிக்காம சேத்தது. அது முடிஞ்சதும் முன்னுரைய மட்டும் உங்க பாடம் தெரியாத ஒருத்தர்கிட்ட சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. நான் எங்கப்பாகிட்ட வாசிச்சேன், தோப்புல தண்ணி பாய்ச்சிட்டு வந்து திண்ணையில ஒக்காந்திருந்தாங்க. பாதியிலயே நிறுத்தி, "அது சரி, மூலத்தராவுல ஷட்டர் எப்பத் தூக்குவான்னு யாரு முடிவு பண்றாங்கனு எழுதிருக்கியா?"னு கேட்டாங்க. எழுதல. மூலத்தராங்கிறது சித்தூர்ப்புழையில வாய்க்காலுக்குத் தண்ணி பிரிச்சு விடுற தடுப்பணை. அன்னைக்கு ராத்திரி அத ஒரு ஆய்வு வினாவாச் சேத்துட்டுத்தான் கைடுக்கு மெயில் அனுப்புனேன்.